வதந்தியை விளையாடிப் பழக்குவது எப்படி

பொய்ச் செய்தி பற்றி வகுப்பெடுக்கச் சொன்னால் பெரும்பாலும் என்ன நடக்கிறது? ஒரு பெரியவர் முன்னால் நின்று "வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் நம்பாதீங்க" என்கிறார், பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள், வீட்டுக்குப் போனதும் அதே குரூப், அதே ஃபார்வர்டு. அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஃபார்வர்டு வந்து விழும் நேரத்தில் யாரும் அந்த அறிவுரையை நினைத்துப் பார்ப்பதில்லை; பயமோ கோபமோ பொங்கி வருகிறது, விரல் தானாகப் போய் அனுப்பிவிடுகிறது. அந்த நொடியை வகுப்பறைக்குள்ளேயே வரவழைத்து, அதில் நிதானமாக நிற்கப் பழக்கினால்தான் உண்டு. அதற்கு விளையாட்டைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இது ஆசிரியர்களுக்காக, நூலகத்தில் வாரக் கடைசியில் பிள்ளைகளைச் சேர்த்து ஏதாவது செய்கிறவர்களுக்காக, குடியிருப்பில் நாலு பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க நினைக்கிற பெற்றோருக்காக எழுதியது. பிள்ளைகளுக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயதாகியிருந்தால் போதும். கம்ப்யூட்டர் லேப் வேண்டாம். பழைய காலண்டர் அட்டை, ஸ்கெட்ச் பேனா, ஒரு கைப்பிடி புளியங்கொட்டை, ஒரே ஒரு போன், அவ்வளவுதான்.

ஆரம்பிக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதைக் கவனிக்காமல் நடத்தப்படும் விளையாட்டுகள்தான் அதிகம். "எது பொய், கண்டுபிடி" என்பதை மட்டும் விளையாட்டாக வைத்தால் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போவது சந்தேகத்தை மட்டும்தான். எல்லாவற்றையும் பொய் என்று சொல்லும் பிள்ளை, எல்லாவற்றையும் நம்பும் பிள்ளையைவிட எந்த விதத்திலும் தேறிவிடவில்லை. நாளைக்கு உண்மையான புயல் எச்சரிக்கை வந்தாலும் "சும்மா கிளப்பிவிடுறாங்க" என்று உட்கார்ந்திருக்கும். உண்மையை நம்பவும் பழக்குகிற விளையாட்டுதான் நல்ல விளையாட்டு. கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒன்றை வைத்துத்தான்.

இதுவரை செய்து பார்த்தவர்கள்

இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் விளையாட்டு 'பேட் நியூஸ்'. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ட்ராக் என்ற நெதர்லாந்துக் குழுவும் சேர்ந்து 2018-ல் வெளியிட்டார்கள். இணையத்தில் இலவசம், பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதில் நீங்கள்தான் வதந்தி பரப்புகிறவர். வேறொருவர் போல வேடம் போடுவது, உணர்ச்சியைத் தூண்டுவது, ஊரை இரண்டாகப் பிரிப்பது, சதிக்கதை கட்டுவது, உண்மை சொல்பவர் மீதே சேறு பூசுவது, வேண்டுமென்றே வம்பிழுப்பது என்று ஆறு தந்திரங்களுக்கு ஆறு பதக்கம். 1960-களில் வில்லியம் மெக்குவையர் என்ற அமெரிக்க உளவியலாளர் சொன்ன கருத்துதான் இதற்கு அடிப்படை: தடுப்பூசியில் வீரியம் குறைத்த கிருமியைக் கொடுப்பதுபோல, ஏமாற்று வாதத்தின் சின்ன அளவைக் கொஞ்சம் முன்கூட்டியே காட்டிவிட்டால் பிறகு பெரிய அளவில் வரும்போது மனம் தாங்கும். 2020-ல் கொரோனா வதந்திகளுக்காக 'கோ வைரல்' என்று ஐந்து நிமிட விளையாட்டும், கற்பனை ஊர் ஒன்றைக் குலைக்கும் 'ஹார்மனி ஸ்கொயர்' விளையாட்டும் இதே வழியில் வந்தன.

'பேட் நியூஸ்' விளையாடிய சுமார் 15,000 பேரின் பதில்களை வைத்து 2019-ல் வந்த ஆய்வு, விளையாடிய பிறகு பொய்ச் செய்திகள் மேல் அவர்களுக்கு நம்பிக்கை குறைந்தது என்று காட்டியது. நல்ல செய்திதான். ஆனால் 2023-ல் வேறு இரண்டு ஆய்வாளர்கள் இந்த வகை விளையாட்டுகளின் பழைய தரவுகளை எடுத்து மறுபடி அலசியபோது, விளையாடியவர்கள் உண்மையையும் பொய்யையும் பிரித்தறிவதில் தேறவில்லை, எல்லாவற்றையும் கூடுதலாகச் சந்தேகிக்கத் தொடங்கினார்கள் என்று கண்டார்கள். அடுத்த ஆண்டே விளையாட்டை உருவாக்கியவர்கள் தரப்பிலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது: விளையாடி முடித்ததும் உண்மையும் பொய்யும் கலந்த சில செய்திகளைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் உடனே சரி, தவறு என்று காரணத்தோடு சொல்லும் பயிற்சியைச் சேர்த்தால் பிரித்தறியும் திறன் கூடுகிறது. நமக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் வேண்டாம். விளையாட்டுக்கு ஒதுக்கும் அளவு நேரத்தை அதற்குப் பிறகு பேசுவதற்கும் ஒதுக்குங்கள்.

இந்தியாவிலும் பார்த்தார்கள். வட இந்தியக் கிராமப்புறங்களில் வாட்ஸ்அப் குரூப் வடிவில் இந்தியில் ஒரு விளையாட்டைக் கொடுத்துச் சோதித்ததில் குறிப்பிடும்படி பலன் எதுவும் இல்லை. அதே சமயம் பீகாரில் 583 கிராமங்களில் 13,500-க்கும் மேற்பட்ட பதின்பருவப் பிள்ளைகளை வைத்து, 14 வாரங்களில் நான்கு வகுப்புகளாக நடத்திய திட்டம் நல்ல பலன் தந்தது, சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் நின்றது. ஒருநாள் விழா நடத்திப் படம் எடுத்துப் போடுவதில் பயன் இல்லை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று நான்கு தடவையாவது கூடுங்கள்.

புளியங்கொட்டை ஆட்டம்

முதல் நாளுக்கு இதுதான். பன்னிரண்டு அட்டைகள். ஆறு உண்மை, ஆறு பொய், அந்தக் கணக்கைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். நாலு பேர் ஒரு அணி. ஒவ்வோர் அணிக்கும் ஐந்து புளியங்கொட்டை. அட்டையை வாசித்ததும் அணி மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: நம்புகிறோம், நம்பவில்லை, விசாரிக்கிறோம். விசாரித்தால் ஒரு கொட்டை செலவு; நீங்கள் அட்டையின் பின்பக்கம் எழுதியிருக்கும் துப்பை அந்த அணிக்கு மட்டும் காட்டுவீர்கள், அதன் பிறகு அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். துப்பு என்பது விடை இல்லை, விடைக்குப் போகும் வழி.

பொய் அட்டைகளுக்குப் பஞ்சமே இல்லை. 2016-ல் வந்த 2000 ரூபாய் நோட்டில் சிப் இருக்கிறது என்ற கதை, நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்ததாக வரும் ஃபார்வர்டு, 2015 வெள்ளத்தில் சென்னை முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற பீதி, "இன்றிரவு பன்னிரண்டரை முதல் மூன்றரை வரை காஸ்மிக் கதிர் வருகிறது, போனை அணைத்து வையுங்கள்" என்பது, வாட்ஸ்அப்பில் சிவப்பு டிக் விழுந்தால் அரசாங்கம் உங்கள் மேல் நடவடிக்கை எடுக்கிறது என்று அர்த்தம் என்பது.

உண்மை அட்டைகளுக்குத்தான் மெனக்கெட வேண்டும். கேட்டதும் பொய் போலத் தோன்றுகிற உண்மையாக இருக்க வேண்டும். 1914-ல் எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னை மேல் குண்டு போட்டது. 2019-ல் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிதண்ணீர் வந்தது. 1964 புயலில் தனுஷ்கோடிக்குப் போன ஒரு ரயிலையே கடல் அடித்துக்கொண்டு போனது. ஆக்டோபசுக்கு மூன்று இதயம். ஆஸ்திரேலியாவின் வோம்பட் என்ற விலங்கு கனசதுரமாகச் சாணம் போடும் (இந்த அட்டை வந்ததும் வகுப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆகும், அதையும் கணக்கில் வையுங்கள்). எம்டன் கப்பல் அட்டையின் பின்பக்கத் துப்பு: "உயர் நீதிமன்ற வளாகத்தில் இதற்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது." முதலை அட்டைக்கு: "முதலைப் பண்ணையே மறுப்பு வெளியிட்டிருக்கிறது." காஸ்மிக் கதிருக்கு: "இதே செய்தி பல ஆண்டுகளாக வருகிறது, ஒவ்வொரு தடவையும் 'இன்றிரவு' என்றே சொல்கிறது."

மதிப்பெண்தான் இந்த ஆட்டத்தின் உயிர். உண்மையை நம்பினால் இரண்டு, பொய்யை மறுத்தால் இரண்டு. பொய்யை நம்பினால் இரண்டு கழியும், உண்மையைப் பொய் என்றாலும் அதே இரண்டு கழியும். இந்தக் கணக்கில் எல்லாவற்றுக்கும் "நம்பவில்லை" என்று சொல்லும் அணி கடைசியில் பூஜ்யத்தில் நிற்கும். எல்லாவற்றையும் நம்பும் அணியும் அதே பூஜ்யம். நீங்கள் விளக்கவே வேண்டாம், பலகையில் கூட்டிக் காட்டினால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

அப்புறம் கொட்டைகளைப் பற்றிப் பேசுங்கள். ஐந்தையும் முதல் ஐந்து அட்டையிலேயே தீர்த்த அணி உண்டா? ஒன்றைக்கூடச் செலவழிக்காமல் கையில் வைத்துக்கொண்டே தோற்ற அணி? ஒரு நாளில் வரும் எல்லா ஃபார்வர்டையும் யாராலும் விசாரிக்க முடியாது. எதை விசாரிப்பது, எதை அப்படியே விட்டுவிடுவது என்று தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டும். இந்தத் தேர்வைப் பழக்க இதைவிட எளிய வழி எனக்குத் தோன்றவில்லை.

நான்கு கட்டம்

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் இதுதான் முக்கியமான ஆட்டம். ஒரு தாளில் நான்கு படம் வரையுங்கள், குச்சி மனிதர்கள் போதும். முதல் கட்டத்தில் ஒரு பாட்டி டீக்கடை பெஞ்சில் பையை மறந்து வைத்துவிட்டுப் போகிறார். இரண்டாவதில் ஒரு பையன் அந்தப் பையை எடுக்கிறான். மூன்றாவதில் பையோடு ஓடுகிறான். நான்காவதில் பஸ் ஜன்னல் வழியாகப் பாட்டியிடம் பையைக் கொடுக்கிறான். வகுப்பில் பாதிப் பேருக்கு நான்கு கட்டமும் உள்ள தாள். மீதிப் பேருக்கு நடுவில் உள்ள இரண்டு மட்டும். இரண்டு பக்கமும் தங்கள் படத்துக்கு ஒரு தலைப்பும் இரண்டு வரிச் செய்தியும் எழுத வேண்டும், அடுத்தவர் தாளைப் பார்க்கக் கூடாது.

இரண்டு கட்டம் கிடைத்தவர்களை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள். "பட்டப்பகலில் துணிகரம்" என்ற ரகத்தில்தான் வரும். மற்றவர்கள் முகத்தைப் பாருங்கள், குதித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் வாசித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இவர்களிடம் இருந்த இரண்டு படத்தில் எது பொய்ப் படம்? எதுவும் இல்லை. இரண்டுமே உண்மை. வகுப்பு அமைதியாகி யோசிக்கும், அந்த நேரத்தை அவசரப்பட்டு நிரப்பாதீர்கள். பிறகு அவர்களையே புதிதாக நான்கு கட்டம் வரையவைத்து, எதை வெட்டினால் அர்த்தம் தலைகீழாகும் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2018-ல் பிள்ளை பிடிப்பவர்கள் வந்துவிட்டார்கள் என்று நாடு முழுக்கப் பரவிய வதந்தியோடு ஒரு வீடியோ சுற்றியது. பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். அசல் வீடியோ பாகிஸ்தானின் கராச்சி நகரத்துக்காகக் குழந்தைகள் பாதுகாப்பு பற்றி எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். அதன் கடைசியில் அதே ஆட்கள் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையை விரித்துக் காட்டுவார்கள். அந்தக் கடைசிச் சில நொடிகளை யாரோ வெட்டிவிட்டார்கள். அந்த வதந்தி அலையில்தான் 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்கு வந்த இடத்தில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயதுப் பெண்மணியை ஊர் கூடி அடித்துக் கொன்றது. அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வரம்பு வைத்தது.

போளூர் சம்பவத்தை அட்டையாக எழுதி மதிப்பெண் போடாதீர்கள். உயிர் போன விஷயத்தை ஆட்டத்தில் வைக்கக் கூடாது. நான்கு கட்டம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்த பிறகு, வயதைப் பார்த்து, நேராகச் சொல்லுங்கள்.

வதந்தி ஆலை

இது இரண்டாவது, மூன்றாவது நாளில். 'பேட் நியூஸ்' போன்றதுதான், ஆனால் காகிதத்தில், நம் மொழியில். ஒரு கற்பனை ஊர், பம்பரபுரம் என்று வைத்துக்கொள்வோம். சப்பென்ற ஒரு செய்தியைப் பலகையில் எழுதுங்கள்: "பம்பரபுரம் பள்ளிக்கூடத்துக்கு நீலப் பெயின்ட் அடிக்கிறார்கள்." அந்த ஆறு தந்திரங்களையும் சீட்டில் எழுதி, அணிக்கு ஒன்றாகக் குலுக்கி எடுக்கச் சொல்லுங்கள். அவரவர் தந்திரத்தை மட்டும் வைத்து இந்தச் செய்தியை ஊரே கொதிக்கும்படி ஒரு ஃபார்வர்டாக மாற்ற வேண்டும். பத்து நிமிடம். பிறகு தாள்களை மாற்றிக்கொண்டு, எந்தத் தந்திரம் என்று அடுத்த அணி கண்டுபிடிக்க வேண்டும், எந்தச் சொல்லில் அது ஒளிந்திருக்கிறதோ அதன் கீழ் கோடு போட வேண்டும்.

இப்படி ஒன்று வரும் என்று வையுங்கள்: "நண்பர்களே, என் மச்சான் அந்த பெயின்ட் கடையில்தான் வேலை செய்கிறான். அந்தப் பெயின்டில் என்ன கலக்கிறார்கள் என்று அவனே கண்ணால் பார்த்தான். எந்த டிவியும் இதைச் சொல்லாது. அழிப்பதற்குள் எல்லோருக்கும் அனுப்புங்கள், நம் பிள்ளைகளின் உயிர்!" இதில் கோடு போட எவ்வளவு இருக்கிறது பாருங்கள். பெயரில்லாத மச்சான் எல்லாம் தெரிந்த சாட்சியாகிவிட்டார். "என்ன கலக்கிறார்கள்" என்று கேட்டதோடு சரி, என்ன என்று சொல்லவே இல்லை. டிவி சொல்லாது என்று முன்கூட்டியே சொன்னதால் டிவியில் வராததே ஆதாரமாகிவிட்டது. "அழிப்பதற்குள்" என்றதும் யோசிக்க நேரமில்லை. கடைசியில் பிள்ளைகளின் உயிர். ஒவ்வொன்றாகப் பிள்ளைகள் வாயாலேயே வரவையுங்கள், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

இந்த ஆட்டத்துக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு, இதில் தளர்வே கூடாது. உண்மையான ஊர், கட்சி, சாதி, மதம், தலைவர், ஆசிரியர், கூடப் படிக்கிற பிள்ளை, யார் பெயரும் வரக் கூடாது. தாளின் குறுக்கே பெரிய எழுத்தில் "விளையாட்டு" என்று முதலிலேயே எழுதிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். யாரும் போட்டோ எடுக்கக் கூடாது. முடிந்ததும் எல்லாத் தாளையும் எண்ணி வாங்கி, அவர்கள் முன்னாலேயே கிழித்துவிடுங்கள். நாம் செய்த ஒன்று வெளியே போய் நிஜ ஃபார்வர்டாகச் சுற்றத் தொடங்கினால் அதைத் திரும்பக் கூப்பிட முடியாது. இன்னொன்று, பொய் எழுதத் திறமை உள்ள பிள்ளைக்குக் கைதட்டல் அதிகம் விழும். கண்டுபிடிக்கும் அணிக்கு இரட்டை மதிப்பெண் வைத்து அதைச் சமன் செய்யுங்கள்.

ஆட்டம் அதோடு முடியவில்லை. புளியங்கொட்டை ஆட்டத்திலிருந்து புது அட்டைகள் ஆறு, பாதி உண்மை, பாதி பொய், உடனே கொடுங்கள். தந்திரம் தெரிந்த உற்சாகத்தில் உண்மை அட்டைகளிலும் "இதுலயும் உணர்ச்சியைத் தூண்டுறாங்க சார்" என்பார்கள். உண்மையான புயல் எச்சரிக்கையும் பயத்தைத்தான் தூண்டும். அப்போது கேட்க வேண்டியது: யார் சொன்னது, அவர்களிடம் நேராகப் போய்ப் பார்க்க முடியுமா? வானிலை மையத்தின் இணையப் பக்கத்தில் அது இருக்கிறதா இல்லையா? இந்த இடத்தைத் தாண்டிவிட்டுப் போகாதீர்கள், முழு வகுப்பும் இதற்காகத்தான்.

ஒரே போனை வைத்து

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க் என்ற கல்வி ஆய்வாளரின் குழு, வரலாற்றுப் பேராசிரியர்கள், மாணவர்கள், தொழில்முறை உண்மை சரிபார்ப்பவர்கள் என்று மூன்று தரப்பையும் ஒரே இணையப் பக்கங்களின் முன் உட்காரவைத்துப் பார்த்தது. படித்த பேராசிரியர்களே ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் மட்டும் அந்தப் பக்கத்தில் நேரத்தை வீணாக்காமல் உடனே வெளியே வந்து, அதை நடத்துவது யார் என்று மற்ற இடங்களில் தேடினார்கள். இதை ஓட்டப்பந்தயமாக்கலாம். போனைப் பெரிய திரையிலோ பலகை அருகிலோ வைத்து, தெரியாத ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்து, "அந்தத் தளத்துக்குள் நுழையாமலே மூன்று நிமிடத்தில் அது யாருடையது என்று சொல்" என்று விடுங்கள். அணிகள் தேடுசொல்லைத் தாளில் எழுதிக் கொடுக்க, நீங்கள் தட்டச்சு செய்யுங்கள்.

படத்துக்கு கூகுள் லென்ஸ். வெள்ளம், விபத்து என்று வரும் பழைய படங்கள் இரண்டு மூன்றைத் தேர்ந்து, எந்த ஆண்டு, எந்த ஊர் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தமிழில் யூடர்ன் மாதிரித் தளங்கள் ஏற்கெனவே சரிபார்த்த படங்களில் தொடங்கினால் விடை உங்கள் கையில் இருக்கும், நடுவில் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

வீட்டுப் பெரியவர்களோடு

பரமபதம் எல்லோருக்கும் தெரியும், அதனால் வதந்திப் பரமபதம் செய்ய நிறையப் பேர் ஆசைப்படுகிறார்கள். அப்படியே செய்தால் தாயம் விழுவதுதான் எல்லாம், முடிவெடுக்க ஒன்றும் இருக்காது. ஒரு மாற்றம் செய்யுங்கள்: பாம்பின் வாயில் நின்றதும் ஒரு அட்டை எடுக்க வேண்டும், அதை எப்படிச் சரிபார்ப்பேன் என்று ஒரு வழி சொன்னால் இறங்க வேண்டியதில்லை. ஏணிக்கும் அப்படியே, காரணம் சொன்னால்தான் ஏற்றம்.

கடைசி நாளுக்கு ஒரு நாடகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பிள்ளைகள் அடுத்து மாட்டிக்கொள்ளப்போவது குடும்பக் குரூப்பில்தான். ஒரு பிள்ளை பெரியப்பா, ஒரு பிள்ளை தம்பி மகன். பெரியப்பா ஒரு ஃபார்வர்டு போட்டிருக்கிறார், பொய் என்று தெரிந்துவிட்டது. முதல் தடவை எல்லோர் முன்னாலும் "இது ஃபேக்" என்று போடச் சொல்லுங்கள். பெரியப்பாவாக நடிக்கும் பிள்ளைக்கு எப்படி இருந்தது என்று கேளுங்கள். இரண்டாவது தடவை தனியாகப் போன்: "பெரியப்பா, நீங்க போட்ட அந்த மருந்து மெசேஜ் உங்களுக்கு யார் அனுப்பினாங்க? நானும் தேடிப் பார்த்தேன், வேற மாதிரி வருது, அனுப்பட்டுமா, பார்க்கறீங்களா?" பெரியப்பா கோபப்பட்டால் என்ன சொல்வது, "உனக்கு என்னடா தெரியும்" என்றால் என்ன சொல்வது என்று இரண்டு மூன்று பேர் மாற்றி மாற்றி நடிக்கட்டும். பெரியப்பா வேடத்தை ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது போட வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டில் வந்த ஒரு ஃபார்வர்டை, அனுப்பியவர் பெயரும் எண்ணும் இல்லாமல், கையால் தாளில் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அதை எல்லோரும் சேர்ந்து விசாரிக்கலாம். அது உண்மையாகவே இருந்தாலும் கொண்டுவரட்டும், புளியங்கொட்டை ஆட்டத்துக்கு உண்மை அட்டைகள் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்.